ஒரு முடிவின் அடக்கவிலை: உயிரித்தொழில்நுட்பப் பட்டதாரி ஒருவர் வணிகத்துக்கு மாறியது குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் சென்னையில் பிறந்து வளர்ந்து, இங்கேயே உயிரித்தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று, இரண்டாண்டுகள் ஆய்வகத்தில் பணியாற்றிய பின் நோயறி கருவிகளையும் அவற்றுக்கான வினைப்பொருள்களையும் (பரிசோதனையில் பயன்படும் வேதிப்பொருள்கள்) விற்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, இன்று அதே துறையில் ஒரு பிரிவின் வணிகப் பொறுப்பை வகிக்கும் பெண்மணி. நான் கல்லூரியில் அவருக்கு நுண்ணுயிரியல் கற்பித்தவன். தம் பெயரும் தாம் பணியாற்றிய இடங்களின் பெயர்களும் வெளிவரக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில் தம் பழைய நாட்குறிப்புகளையும் சில கணக்குத் தாள்களையும் அவர் என்னிடம் கொடுத்தார்.

அறிவியல் படித்தவர்கள் வணிகத்துக்குப் போவதைப் பற்றி ஆலோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் எம்.பி.ஏ. படிக்கலாமா வேண்டாமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறார்கள். இவருடைய மாற்றத்தில் அந்தக் கேள்விக்கு மிகச் சிறிய பங்கே இருந்தது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். ஒரு பரிசோதனையின் முடிவு சரியா என்று மட்டும் கேட்டுப் பழகியவர், அந்த முடிவுக்கு யார் பணம் தருகிறார்கள், எவ்வளவு தருகிறார்கள், எப்போது தருகிறார்கள் என்று கேட்கத் தொடங்கிய இடத்தில்தான் மாற்றம் நிகழ்ந்தது. அதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தன. இடையில் ஒரு நட்டமும் நேர்ந்தது.

பின்னணி

குடும்பம் திருவொற்றியூரில் இருந்தது. தந்தை எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டின் முதல் பட்டதாரி இவர். தரமணியில் டைடல் பூங்காவை அடுத்து டைசல் உயிரித்தொழில்நுட்பப் பூங்காவும், சிறுசேரியில் பெண்களுக்கான உயிரித்தொழில்நுட்பப் பூங்காவும் எழுந்த 2000-களில், கணினித் துறைக்கு அடுத்து இதுதான் என்ற பேச்சு சென்னைப் பெற்றோர்களிடையே பரவலாக இருந்தது. கலை அறிவியல் கல்லூரிகள் பல பி.எஸ்சி. உயிரித்தொழில்நுட்ப வகுப்புகளைத் தொடங்கின. பூங்காக்களில் வந்த வேலைகளைவிட வகுப்புகளிலிருந்து வெளிவந்த பட்டதாரிகள் அதிகம் என்பதை எங்களைப் போன்ற ஆசிரியர்கள் அறிந்திருந்தோம். சேர்க்கை நாளன்று அதைச் சொன்னவர்கள் குறைவு. நானும் சொல்லவில்லை.

2014-இல் எம்.எஸ்சி. முடித்ததும் தென்சென்னையில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரிலிருந்து இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை மாதம் ₹25,000 என்று உயர்ந்தது. ஆனால் அது நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு உரியது. இவர் இருமுறை எழுதி இருமுறையும் சில மதிப்பெண்களில் தவறவிட்டவர் என்பதால் அதைவிடக் குறைந்த தொகையே கிடைத்தது. திட்ட நிதி தவணை தவணையாக வந்தபடியால் அந்தத் தொகையும் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாகத்தான் கைக்கு வந்தது. காலை ஆறு மணிக்கு மின்தொடர் வண்டி பிடித்து, கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறிப் போய்வந்த அந்த இரண்டாண்டுகளில் எலைசா (தட்டிலுள்ள சிறு குழிகளில் நிறமாற்றத்தைக் கொண்டு நோய்க்குறியைக் கண்டறியும் சோதனை), பி.சி.ஆர். (மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை), செல் வளர்ப்பு ஆகியவற்றில் அவருக்குக் கைதேர்ந்தது. கட்டுப்பாட்டு மாதிரி (விடை முன்பே தெரிந்த, சோதனை சரியாக நடக்கிறதா என்று காட்டும் மாதிரி) இல்லாத எந்தத் தட்டையும் அவர் ஏற்கமாட்டார் என்று உடன் பணியாற்றியவர்கள் கேலி செய்ததுண்டு. இந்தக் குணத்தைப் பின்னர் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

வாய்ப்பு வந்தது தற்செயலாக. ஆய்வகத்தின் எலைசா ரீடர் பழுதானபோது வந்த சர்வீஸ் இன்ஜினியர், பழுது விளக்கில் இருக்கிறதா வடிகட்டியில் இருக்கிறதா என்று இவர் முன்கூட்டியே பிரித்தறிந்து வைத்திருந்ததைக் கண்டு, தங்கள் நிறுவனத்தில் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் இடம் ஒன்று காலியாக இருப்பதாகச் சொன்னார். கருவியை மருத்துவமனையில் நிறுவியபின் அங்குள்ள டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி தருவது, வாங்குவதற்கு முன் டெமோ செய்து காட்டுவது, முடிவுகள் பிசகும்போது காரணம் கண்டுபிடிப்பது ஆகியவை அந்தப் பணியின் பொறுப்புகள். விற்பனையாளர் என்ற பெயர் இல்லாவிட்டாலும் விற்பனை நடக்கும் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை அது.

வீட்டில் எதிர்ப்பு இருந்தது. "மெடிக்கல் ரெப் வேலைக்கா இவளை எம்.எஸ்சி. வரைக்கும் படிக்க வெச்சீங்க?" என்று அத்தை கேட்டதாகச் சொன்னார். என்னிடம் வந்து, "சார், நான் தோத்துட்டுப் போறேன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். இன்னொரு முறை நெட் எழுதிப் பாரம்மா என்றுதான் நான் சொன்னேன். ஆசிரியர்களுக்குத் தெரிந்த பாதை ஒன்றே ஒன்று. அதில் நின்றுகொண்டுதான் மற்றவர்களுக்கு வழி காட்டுகிறோம். என் ஆலோசனையை அவர் கேட்கவில்லை.

நட்டத்தில் முடிந்த ஒப்பந்தம்

2016-இன் பிற்பகுதியில் வேலையில் சேர்ந்தார். முதல் ஓராண்டு வேலூர், சேலம், திருச்சி, திருநெல்வேலி என்று சுற்றியே கழிந்தது. டெக்னீஷியன்களுக்கு இவரைப் பிடித்திருந்தது. பிப்பெட்டைக் கையில் எடுத்து, முனையைத் தட்டின் சுவரில் எங்கே சாய்க்க வேண்டும் என்று காட்டத் தெரிந்தவரின் பேச்சுக்கு ஆய்வகத்தில் தனி மதிப்பு உண்டு. ஓராண்டு கழித்து ஒரு மாவட்டத் தலைநகரிலுள்ள தனியார் மருத்துவமனைக்கான விலைப்புள்ளியைத் தயாரிக்கும் பொறுப்பை மேலாளர் இவரிடமே ஒப்படைத்தார்.

அந்த வணிகம் எவ்வாறு நடக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். நோயறி கருவிகளைப் பல மருத்துவமனைகள் விலைகொடுத்து வாங்குவதில்லை. நிறுவனம் தன் செலவில் கருவியை அங்கே வைக்கும். மருத்துவமனை குறிப்பிட்ட காலத்துக்கு அந்நிறுவனத்தின் வினைப்பொருள்களையே வாங்கும். கருவியின் விலை வினைப்பொருளின் விலைக்குள் சிறிது சிறிதாக அடங்கிவிடும். இதிலும் ஒரு கடுமையான வகை, ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசுவது. நோயாளியின் கைக்குப் போகும் ஒவ்வொரு முடிவுக்கும் மட்டுமே மருத்துவமனை பணம் தரும். கட்டுப்பாட்டு மாதிரிகள், மறுபரிசோதனைகள், காலாவதியாகி வீணானவை அனைத்தும் நிறுவனத்தின் தலையில் விழும். இவருக்குக் கிடைத்தது இந்த வகை ஒப்பந்தம்.

அவர் போட்ட கணக்கின் தாள் என்னிடம் உள்ளது. 96 குழிகள் கொண்ட எலைசா கிட் ஒன்றின் அடக்கவிலை ₹9,600, அதாவது குழிக்கு ₹100. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கென 6 குழிகள் போகும். தட்டு நிறைந்த பிறகே ஓட்டுவார்கள் என்று எடுத்துக்கொண்டதால் 90 முடிவுகள் கிடைக்கும். ஒரு முடிவுக்கு ஏறத்தாழ ₹107. கருவிகளின் விலை ₹3,60,000, ஒப்பந்தக் காலம் 36 மாதம், எனவே மாதத்துக்கு ₹10,000. மருத்துவமனை சொன்னபடி மாதம் 500 பரிசோதனைகள் என்றால் முடிவுக்கு ₹20. மொத்தம் ₹127. இவர் ₹140 என்று எழுதிக் கொடுத்தார். மேலாளர் அவசரத்தில் கையெழுத்திட்டார்.

நடந்தது வேறு. மாதிரிகள் மாதத்துக்கு 250 தான் வந்தன. அதைவிடப் பெரிய சிக்கல், மருத்துவர்கள் அன்றன்றே முடிவு கேட்டார்கள் என்பது. எலைசா தட்டு எட்டெட்டுக் குழிகளாக ஒடித்தெடுக்கக்கூடிய பன்னிரண்டு பட்டைகளால் ஆனது. நாளொன்றுக்குப் பத்து மாதிரிகள், அவற்றோடு ஆறு கட்டுப்பாட்டு மாதிரிகள் என்று பதினாறு குழிகள், இரண்டு பட்டைகள் செலவாயின. ஆறு நாளில் கிட் தீர்ந்தது. கையில் மிஞ்சியவை 60 முடிவுகள். வினைப்பொருளுக்கு மட்டும் முடிவுக்கு ₹160, கருவியின் பங்கு ₹40, ஆக ₹200. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ₹60 நட்டம், மாதத்துக்கு ₹15,000. மறுபரிசோதனைகளை இதில் சேர்க்கவில்லை. குறைந்தபட்சம் இத்தனை பரிசோதனைகள் செய்தாக வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் எழுதப்படவும் இல்லை.

மூன்றாம் மாத இறுதியில் மேலாளர் தாளை மேசையில் வைத்து, "நீ லேப்ல இருந்து வந்த பொண்ணும்மா, கன்ட்ரோல் தினமும் ஓடும்னு நீயே மறந்துட்டா எப்படி?" என்று கேட்டதை அவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கட்டுப்பாட்டு மாதிரி இல்லாத தட்டை ஏற்காதவர், அந்த மாதிரிக்கான குழியை விலையில் சேர்க்கும்போது, தட்டுக்கு ஒருமுறைதான் அது வரும் என்று எண்ணிவிட்டார். அறிவியலை அவர் மறந்திருக்கவில்லை. ஆய்வு நிறுவனத்தில் தட்டு நிறையும்வரை மாதிரிகளை உறைகலத்தில் சேர்த்துவைத்து ஒரே ஓட்டமாக ஓட்டுவது வழக்கம். காய்ச்சலோடு படுக்கையில் கிடப்பவரின் மாதிரி அப்படிக் காத்திருக்காது என்ற எளிய வேறுபாடு அவர் கண்ணில் படவில்லை. விலை என்பது வேதியியலைவிட, வாடிக்கையாளரின் நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பொறுத்தது என்பதை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான். இந்தப் பாடத்தை எந்த வகுப்பிலாவது இதே அழுத்தத்தோடு கற்பிக்க முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

அவர் செய்த அடுத்த காரியத்தில்தான் பழைய பயிற்சி உதவியது. ஒரு வாரம் விடுதியில் அறை எடுத்துத் தங்கி, அந்த மருத்துவமனையின் ஆய்வகத்தில் எந்த மாதிரி எத்தனை மணிக்கு வருகிறது, எந்த வார்டிலிருந்து வருகிறது, முடிவு எத்தனை மணிக்குப் படிக்கப்படுகிறது என்று ஒரு பதிவேடு வைத்தார். அன்றன்று கொடுக்கப்பட்ட முடிவுகளில் பெரும்பாலானவை மறுநாள் மாலை வரை மருத்துவரால் பார்க்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. அந்தப் பதிவேட்டை ஆய்வகத் தலைவரிடம் காட்டி, செவ்வாய், வெள்ளி என இரண்டு நாள் மட்டும் எலைசா ஓட்டுவது, அவசர மாதிரிகளுக்கு முதலில் விரைவுப் பரிசோதனை அட்டையைப் பயன்படுத்துவது என்று சம்மதிக்க வைத்தார். ஓட்டத்துக்குச் சராசரியாக 31 மாதிரிகள், ஐந்து பட்டைகள் என்று ஆனதும் வினைப்பொருள் செலவு முடிவுக்கு ₹129-க்கு இறங்கியது. நட்டம் ₹60-இலிருந்து ₹29 ஆனது. ஒப்பந்தம் முடியும்வரை அது நட்டமாகவே ஓடியது. அவருடைய அவ்வாண்டு ஊக்கத்தொகை போயிற்று. ஆனால் விலைப்புள்ளி எழுதுவதற்கு முன் மருத்துவமனையிடம் கேட்க வேண்டிய கேள்விகளின் படிவம் ஒன்று அந்த நிறுவனத்தில் அதன் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. அதைத் தயாரித்தவர் இவர்.

பணம் வந்து சேரும் நாள்

இரண்டாவது பாடம் இதைவிட மெதுவாக வந்தது. அரசுக் கொள்முதலின் ஒழுங்கை அவர் விரைவில் புரிந்துகொண்டார். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் வாங்கித்தர 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும், 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் உள்ள மாநிலத்தில் தொழில்நுட்ப உறை ஒன்று, விலை உறை ஒன்று, முன்வைப்புத் தொகை ஒன்று என்ற முறை பழகியவர்களுக்குத் தெளிவானது. தொழில்நுட்ப உறையிலுள்ள விவரக்குறிப்பை வரிவரியாகப் படித்து, தங்கள் கிட்டின் உணர்திறன் அதற்கு ஈடாகிறதா என்று சொல்லக்கூடியவர் ஒரு விற்பனைக் குழுவில் இருப்பது பெரிய பலம். இவருக்கு அந்த இடம் எளிதாகக் கிடைத்தது.

புரியாதது தனியார் பாக்கி. வினைப்பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு 30 நாளில் பணம் கட்ட வேண்டும். மருத்துவமனை 120 நாள் கழித்துத் தருகிறது. நடுவிலுள்ள 90 நாளுக்கு வங்கியிடம் ஆண்டுக்கு 12% வட்டியில் கடன் வாங்கினால் விற்பனைத் தொகையில் ஏறத்தாழ 3% வட்டியாகவே போகும். லாப விகிதம் 15% என்று மகிழ்ந்திருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு முன்னதாகவே கரைந்துவிட்டது. திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருந்த மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தாராம். அந்தக் கடையின் கணக்கு நோட்டில் முப்பது ஆண்டுகளாக இருந்த கணக்கு இது.

மேலாண்மைப் பட்டம்

2018-இல் வார இறுதி வகுப்புகளாக எம்.பி.ஏ. சேர்ந்து 2020-இல் முடித்தார். இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கவும், மேலதிகாரிகள் பேசும் சொற்களைத் தயக்கமின்றிப் பேசவும் அது உதவியது என்கிறார். பதவி உயர்வுக்கான தகுதிப் பட்டியலில் அந்த மூன்று எழுத்துகள் தேவைப்பட்டதும் உண்மை. எம்.எஸ்சி. முடித்த கையோடு கல்விக்கடன் வாங்கிப் படித்திருந்தால் சோப்பும் காரும் விற்ற கதைகளை மனப்பாடம் செய்துவிட்டு, கடனுக்காகக் கிடைத்த வேலையில் சேர்ந்திருப்பார் என்பது என் கணிப்பு. பெரிய மருந்து நிறுவனங்களின் பிராண்ட் மேலாண்மைக்கோ ஆலோசனை நிறுவனங்களுக்கோ போக விரும்புவோருக்கு இது பொருந்தாது. அங்கே வளாகத் தேர்வு வழியாக நுழைவதே வழக்கம் என்பதால் முன்கூட்டியே நல்ல மேலாண்மைக் கல்லூரியில் சேர வேண்டியிருக்கிறது.

கல்லூரி விழாக்களில் மாணவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். விலங்கியல் பட்டதாரியும் ஆஸ்திரேலியாவில் பீர் வடிக்கும் நுட்பம் பயின்றவருமான கிரண் மஜும்தார் ஷா 1978-இல் ₹10,000 முதலீட்டில் பெங்களூரில் பயோகானைத் தொடங்கினார் என்பதைச் சொல்பவர்கள், அந்நிறுவனம் முதலில் விற்றது மருந்து அல்ல, பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பேன் நொதியும் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸும்தான் என்பதைச் சொல்வதில்லை. தாம் படித்த தொழிலில் அந்தப் பொருளை யார் வாங்குவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் 1976-இல் ஹெர்பர்ட் போயர் என்ற அறிவியலாளரிடம் பத்து நிமிடம் கேட்டுப் போய் மூன்று மணி நேரம் பேசிவிட்டு ஜெனன்டெக்கைத் தொடங்கிய ராபர்ட் ஸ்வான்சன், வேதியியலும் மேலாண்மையும் படித்தவர். அவர்கள் உருவாக்கிய மனித இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுபோனது ஏற்கெனவே இன்சுலின் விற்றுவந்த எலி லில்லி (Eli Lilly) நிறுவனம். 1982-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. வாங்குபவர் யார் என்பது இரண்டு கதைகளிலும் தொடக்கத்திலேயே முடிவாகியிருந்தது.

இவருடன் படித்த இன்னொருவர் காப்புரிமை முகவர் தேர்வு எழுதி, கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தைச் சுற்றியே தம் தொழிலை அமைத்துக்கொண்டார். அறிவியல் பட்டம் அந்தத் தேர்வுக்கு ஏற்ற தகுதிகளில் ஒன்று. சென்னையில் 1998-இல் தாக்கலாகி 2006-இல் மறுக்கப்பட்ட, கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பமும், அதன் மீது உச்ச நீதிமன்றம் 2013-இல், தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்குச் செயல்திறன் கூடாவிட்டால் காப்புரிமை இல்லை என்னும் பிரிவு 3(டி)-ஐ உறுதிசெய்து அளித்த தீர்ப்பும் அவருக்கு அன்றாடப் பாடம். அது தனியாக எழுத வேண்டிய நிகழ்வு.

2020-க்குப் பின்

கொரோனாக் காலத்தில் தேவை திடீரென்று பெருகியது. தனியார் ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 மார்ச்சில் ₹4,500 என்று உச்சவரம்பு வைத்தது. பின்னர் மாநிலங்கள் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைத்தன. கிட்டுகளைக் குவித்து வைக்கலாம் என்று நிறுவனத்தில் பலர் வற்புறுத்தியபோது, உறைநிலையில் வைக்க வேண்டிய, குறுகிய ஆயுளுள்ள, விலை இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருளில் ஒரு மாதத்துக்கு மேல் சரக்கு வைக்க இவர் மறுத்தார். சில ஆர்டர்கள் கைநழுவின. குளிர்பெட்டி நிறையக் காலாவதியான கிட்டுகளோடு நின்ற விநியோகஸ்தர்களை அடுத்த ஆண்டு சந்தித்ததாகச் சொன்னார்.

அதன்பின் கிடைத்தது இப்போதைய பொறுப்பு. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் நோயறி கிட்டுகளை ஆபத்தின் அளவுப்படி ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. முதல் இரண்டுக்கு உற்பத்தி உரிமத்தை மாநில அதிகாரியும், மற்ற இரண்டுக்கு மத்திய அதிகாரியும் தருகிறார்கள். இறக்குமதி செய்து விற்ற சில கிட்டுகளை இங்கேயே தயாரிக்கலாமா என்று தீர்மானிக்கும் குழுவில் அவர் வணிகத் தரப்பில் உட்காருகிறார். சரிபார்ப்புத் தரவு எத்தனை மாதிரிகளில் எடுக்கப்பட்டது என்று அவர் கேட்டால் ஆராய்ச்சிப் பிரிவினர் பதறுவதாகக் கேள்வி.

கடைசியாக நான் அவரைச் சந்தித்தபோது ஒரு முடிவு எடுக்கப்படாமல் இருந்தது. பழைய ஆய்வகத் தோழர்கள் இருவர், உயிரித்தொழில்நுட்பத் தொழில்முயற்சிகளுக்கு உதவும் மத்திய அரசு அமைப்பான பைராக்கின் பிக் என்ற தொடக்கநிலை மானியத் திட்டத்தில் 18 மாதங்களுக்கு ₹50 லட்சம் வரை கிடைக்கும் மானியத்துக்கு விண்ணப்பித்து, டெங்குவுக்கான ஒரு விரைவுப் பரிசோதனையை உருவாக்க முயல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வணிகப் பங்காளியாக வரும்படி கேட்டிருக்கிறார்கள். நுட்பம் நன்றாக இருக்கிறது என்று இவரே சொல்கிறார். அந்தப் பரிசோதனையை முதலில் வாங்கப்போவது எந்த ஆய்வகம், அங்கே ஒரு நாளைக்கு எத்தனை மாதிரிகள் வருகின்றன, முடிவுக்கு அவர்கள் இப்போது என்ன கொடுக்கிறார்கள் என்று மூன்று கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார். தட்டின் படமும் உணர்திறன் வரைபடமும் பதிலாக வந்தன. கேள்விகளை அப்படியே மறுபடியும் அனுப்பியிருக்கிறார்.